பழைய பிக்கப் வண்டிகளின் சிக்னல் விளக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950-களிலிருந்து 1970-களின் இறுதி வரை வெளிவந்த பிக்கப் வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தொழில்முறை வயர்மேன் அல்லன். பாலிக் புலாவிலிருந்து சௌராஸ்தா சந்தைக்குத் தேங்காய் ஏற்றிய என் அப்பாவின் மோரிஸ் மைனர் பிக்கப்பைச் சாலையில் ஓடும் நிலையில் வைத்திருப்பதற்காகக் கற்றுக்கொண்டவையே இவை. பத்திரிகைகள் சாலைச் சந்திப்பு விளக்கைச் ‘சமிக்ஞை விளக்கு’ என்று எழுதுவதால், குழப்பம் வராதிருக்க, வண்டியில் திரும்பும் திசையைக் காட்டும் விளக்கை நாம் பேசும் சொல்லிலேயே ‘சிக்னல்’ என்று குறிப்பிடுகிறேன்.

என் வண்டியில் சிக்னல் விளக்கே இல்லை. யாராவது கழற்றிவிட்டார்களா, அல்லது தொடக்கத்திலிருந்தே இல்லையா?

தொடக்கத்திலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம். அமெரிக்காவில் பியூக் நிறுவனம் 1939-இலேயே தன் கார்களின் பின்புறத்தில் மின்னும் சிக்னலைப் பொருத்தியது. அடுத்த ஆண்டில் முன்புறத்திலும் வைத்து, திருப்பம் முடிந்ததும் தானாக அணையும் வசதியையும் சேர்த்தது. ஆனால் அது கார்களுக்கான சொகுசு. பிக்கப் என்பது மூட்டை சுமக்கும் வண்டி என்பதால், 1947-இல் வெளிவந்த செவ்ரோலெட் பிக்கப் போன்றவற்றுக்குச் சிக்னல் வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. காசு கொடுக்காதவர்கள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள்.

நம்மூருக்கு அதிகம் வந்த பிரிட்டிஷ் வண்டிகளின் வழி வேறு. மோரிஸ் மைனரில் 1961 வரை மின்னும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு பிளவு இருக்கும். சுவிட்சைத் திருப்பினால் அதிலிருந்து சிறிய கை ஒன்று எழுந்து நிற்கும். அதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் அதை ‘காது’ என்போம். உங்கள் வண்டியின் தூணில் தகரம் வைத்து அடைத்த நீளமான தழும்பு தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் காது இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். 1960-களின் பின்பாதியிலிருந்து வந்த டட்சன், டொயோட்டா பிக்கப்புகளில் மின்னும் சிக்னல் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அவற்றில் இல்லையென்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

டிராஃபிகேட்டர் கை பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

அந்தக் கையைத் தூக்குவது ஒரு மின்காந்தச் சுருள். சுருளுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு இழுபடும்போது கை எழும். மின்சாரம் நின்றால் கை தன் எடையாலேயே விழும். கைக்குள் 3 வாட் அளவுள்ள, இரு முனையும் கூம்பிய சிறிய பல்ப் ஒன்று எரியும். இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஆகவே பெரிய பழுதும் இல்லை. கீல் இறுகியிருக்கும், அல்லது பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். மெல்லிய துணியால் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். தடித்த கிரீஸ் தடவினால் தூசியும் சேர்ந்து மறுபடியும் இறுகும். அப்பா தூணின் உட்புறத்தை முழங்கையால் ஓங்கி ஒரு குத்துக் குத்துவார், கை எழுந்துவிடும். அக்காலத்தில் அந்த வண்டியை ஓட்டிய பலருக்கும் அந்தக் குத்து தெரிந்திருந்தது. ஆனாலும் அதைப் பழுதுபார்ப்பு முறையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிராஃபிகேட்டரை மட்டும் நம்பி இன்றைய சாலையில் ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது என்பது என் கருத்து. 3 வாட் விளக்கை வெயிலில் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், இன்று முப்பது வயதில் இருக்கும் ஓட்டுநருக்கு அந்தக் கையின் பொருள் தெரியாது. ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் நான் காதைத் தூக்கிவிட்டு வலப்பக்கம் ஒதுங்கியபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் இளைஞர் பக்கத்தில் வந்து, “அங்கிள், கதவுப் பக்கம் ஏதோ கழண்டு தொங்குது” என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் மின்னும் விளக்குகளையும் பொருத்துவது என்று முடிவு செய்தேன். கை அப்படியே இருக்கிறது. அதே சுவிட்ச் கையையும் தூக்கும், முன்னும் பின்னும் வைத்த ஆரஞ்சு விளக்குகளையும் மின்ன வைக்கும். கைக்குப் போகும் வயரைப் பிளாஷருக்கு (விளக்கை விட்டு விட்டு மின்ன வைக்கும் சிறு டப்பா) முன்னால் பிரித்தெடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. இல்லையென்றால் கையும் விளக்கோடு சேர்ந்து படபடவென்று அடித்துக்கொள்ளும்.

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஆனால் மின்னவில்லை. பிளாஷர் கெட்டுவிட்டது என்று வயர்மேன் சொல்கிறார். சரியா?

இருக்கலாம், ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். ஏன் என்று புரிந்துகொள்ளப் பழைய பிளாஷர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய பிளாஷர் என்பது தீப்பெட்டி அளவுக்கும் சிறிய ஒரு டப்பா. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு இருக்கும். பல்புகளுக்குப் போகும் மின்சாரம் அந்தத் தகட்டைச் சூடாக்கும். சூடானதும் ஒரு உலோகம் மற்றதைவிட அதிகம் விரிவதால் தகடு வளைந்து தொடர்பு விலகும், விளக்கு அணையும். ஆறியதும் தகடு நிமிர்ந்து மறுபடியும் தொடும். நமக்குக் கேட்கும் ‘டிக்’ ஒலி இந்த வளைவும் நிமிர்வும்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என 21 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 42 வாட். 12 வோல்ட் வண்டியில் அது ஏறத்தாழ 3.5 ஆம்பியர். தகடு அந்த 3.5 ஆம்பியரை எதிர்பார்த்தே செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பல்ப் எரிந்துபோனாலோ, 21 வாட்டுக்குப் பதிலாக 10 வாட் பல்பை யாராவது போட்டிருந்தாலோ, துருவினால் மின்சாரம் தடைபட்டாலோ, தகட்டுக்குப் போதுமான சூடு கிடைக்காது. அப்போது விளக்கு மின்னாமல் நிலையாக எரியும், அல்லது சோம்பலாக மின்னும். அதாவது, பழைய பிளாஷர் பல்புகளை எண்ணிப் பார்க்கிறது. எண்ணிக்கை குறைந்தால் வேலை செய்ய மறுக்கிறது. அந்த மறுப்பைப் பிளாஷரின் பழுது என்று எண்ணிப் புதியது வாங்கினால், புதியதும் அதே காரணத்துக்காக மறுக்கும்.

ஆகவே, முதலில் சிக்னலைப் போட்டுவிட்டு இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். இரண்டு பல்பும் எரிகின்றனவா, இரண்டும் ஒரே பிரகாசத்தோடு எரிகின்றனவா என்று பாருங்கள். வலப்பக்கம் ஒழுங்காக மின்னி, இடப்பக்கம் மட்டும் மின்னாவிட்டால், பிளாஷர் நல்லதாகவே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஏனெனில் இரு பக்கத்துக்கும் ஒரே பிளாஷர்தான். இரு பக்கமும் மின்னவில்லை, எல்லாப் பல்பும் பளிச்சென்று எரிகின்றன என்றால் மட்டுமே பிளாஷரை மாற்றுங்கள்.

பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த, லூகாஸ் என்ற மின்பாக நிறுவனத்தின் பிளாஷரில் மூன்று முனைகள் இருக்கும்: ஒன்று பேட்டரிக்கு, ஒன்று விளக்குகளுக்கு, ஒன்று டாஷ்போர்டில் உள்ள சிறிய விளக்குக்கு. வெளியே ஒரு பல்ப் போய்விட்டால் டாஷ்போர்டு விளக்கு மின்னாமல் நின்று ஓட்டுநருக்கு அறிவிக்கும். முனைகளை மாற்றிப் பொருத்திவிட்டு, “டாஷ் விளக்கு எரியவில்லை” என்று வந்தவர்கள் உண்டு.

பின் சிக்னல் மிகவும் மங்கலாக இருக்கிறது. சிக்னல் போட்டால் டெயில் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க உங்களுக்கு நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வண்டியில் விளக்குக்கு ஒரு வயர்தான் போகிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, வண்டியின் இரும்புதான். அதைத்தான் எர்த் என்கிறோம். காரில் உடல் முழுவதும் ஒரே துண்டாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் திரும்பும் வழி எளிது. பிக்கப்பில் அப்படியில்லை. விளக்கு ஒரு திருகால் சரக்குத் தொட்டியில் நிற்கிறது. தொட்டி போல்ட்டுகளால் சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நிற்கிறது, பல வண்டிகளில் இடையே ரப்பரோ மரமோ இருக்கும். சேஸியிலிருந்து ஒரு பட்டைக் கம்பி பேட்டரிக்குப் போகிறது. இத்தனை மூட்டுகளில் எந்த ஒன்றில் துரு ஏறினாலும் விளக்கு மங்கும். பினாங்கில் கடல் காற்றும் மழையும் சேர்ந்து இந்த மூட்டுகளை எவ்வளவு விரைவாகத் தின்கின்றன என்பதை தெலுக் பஹாங் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் நன்றாக அறிவார்கள்.

திரும்பும் வழி அடைபட்டால் மின்சாரம் குறுக்கு வழி தேடும். பின் விளக்கில் டெயிலுக்கு ஒரு இழை, சிக்னலுக்கு ஒரு இழை என இரண்டு இழை உள்ள பல்ப் இருந்தால், சிக்னல் மின்சாரம் டெயில் இழை வழியாகப் புகுந்து, டெயில் வயரில் பின்னோக்கி ஓடி, நம்பர் பிளேட் விளக்கு, முன் பார்க்கிங் விளக்கு ஆகியவற்றின் வழியாக எர்த்தைப் பிடிக்கும். அதனால்தான் சம்பந்தமே இல்லாத விளக்குகள் துடிக்கின்றன. இந்த அறிகுறியைக் கண்டால் வேறெதையும் தொடாமல் எர்த்தைப் பாருங்கள்.

செகாம்புட்டில் உள்ள ஒரு நண்பர் 1974-ஆம் ஆண்டு டட்சன் 620 ஒன்றைப் புதுப்பித்தார். நீல வண்ணம், கண்ணாடி போன்ற பூச்சு. ஆனால் பின் சிக்னல் அகல் விளக்குப் போல எரிந்தது. மூன்று பிளாஷர், இரண்டு சுவிட்ச் மாற்றியாகிவிட்டது. நான் மல்டிமீட்டரை எடுத்து, சிக்னல் எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு முனையை விளக்கின் உலோக அடிப்பகுதியிலும் மற்றொன்றைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தேன். திரும்பும் வழி நன்றாக இருந்தால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அங்கே 2.3 வோல்ட் காட்டியது. விளக்கைக் கழற்றினோம். திருகு இறங்கும் துளையைச் சுற்றி மூன்று அடுக்குப் பெயிண்ட், துளைக்குள்ளும் பெயிண்ட். இரும்பை இரும்பு தொடவே இல்லை. திருகின் நுனி எங்கோ கீறிய ஓர் இழை அகலத்தில்தான் அத்தனை மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிறு காசு அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கியதும் 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. புதுப் பெயிண்டைச் சுரண்டச் சொன்னதற்காக நண்பர் அன்று முழுவதும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

2.3 வோல்ட்டுக்கு இவ்வளவு மங்குமா என்று கேட்பீர்கள். இழை பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே ஒளி மிக அதிகமாகக் குறையும். 15 சதவீதம் மின்னழுத்தம் போனால் ஒளியில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 2.3 வோல்ட் இழந்த விளக்கு பாதி வெளிச்சத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

நிலையான தீர்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு பின் விளக்கின் உலோக அடியிலிருந்தும் 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர் ஒன்றைத் தனியாக இழுத்துச் சேஸியில், பெயிண்ட் நீக்கிய இடத்தில், போல்ட் போட்டு முடுக்குங்கள். மேலே கிரீஸ் தடவுங்கள். பிறகு தொட்டி துருப்பிடித்தாலும் விளக்குக்குக் கவலையில்லை. பேட்டரியிலிருந்து சேஸிக்குப் போகும் பட்டைக் கம்பியையும் அதே நாளில் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எந்த பல்ப் வாங்க வேண்டும்?

பல்பின் அடியில் ஓர் ஈயப் புள்ளி இருந்தால் ஒற்றை இழை, 21 வாட். இரண்டு புள்ளி இருந்தால் இரட்டை இழை, ஒன்று 21 வாட், மற்றது 5 வாட். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டில் உள்ள இரு முளைகளும் வேண்டுமென்றே வெவ்வேறு உயரத்தில் இருக்கும், தலைமாற்றிப் போட முடியாதபடி. சில பழைய ஹோல்டர்கள் தேய்ந்து தளர்ந்திருப்பதால் கையால் அழுத்தினால் தலைமாறியும் உட்கார்ந்துவிடும். அப்போது டெயில் பளிச்சென்று எரியும், சிக்னல் 5 வாட் இழையில் மினுங்கும். விளக்கின் லென்ஸ் வெள்ளையாக இருந்து ஆரஞ்சு பல்ப் தேவைப்பட்டால், கடைக்குப் பழைய பல்பையும் கொண்டு போங்கள். ஆரஞ்சு பல்பின் முளைகள் நேரெதிராக இல்லாமல் சற்று விலகி இருப்பதால் சாதாரண ஹோல்டரில் நுழையாது. வெயிலில் வெளுத்த ஆரஞ்சு லென்ஸை மாற்றுவதுதான் நல்லது.

பிரேக்கை மிதித்ததும் சிக்னல் மின்னுவது நின்று, விளக்கு நிலையாக எரிகிறது. என்ன கோளாறு?

பின்புறத்தில் ஒரே சிவப்பு விளக்கு பிரேக்குக்கும் சிக்னலுக்கும் பொதுவாக உள்ள வண்டிகளில் இது வரும். அமெரிக்கப் பிக்கப்புகளும் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவும் இப்படித்தான். அவற்றில் பிரேக் மின்சாரம் நேராக விளக்குக்குப் போகக் கூடாது. சிக்னல் சுவிட்சுக்குள் நுழைந்து போக வேண்டும். இடப்பக்கம் சிக்னல் போட்டால், சுவிட்ச் இடது விளக்கைப் பிரேக்கிலிருந்து பிரித்துப் பிளாஷரோடு இணைக்கும். வலது விளக்கு பிரேக்கோடு இருக்கும். யாராவது பிரேக் வயரை நேரடியாக விளக்குக்கு இழுத்துவிட்டால், மிதித்தவுடன் பிரேக் மின்சாரம் சிக்னலை அமுக்கிவிடும். ஸ்டீயரிங் தண்டில் வளையம் போட்டு இறுக்கும் சிக்னல்-ஸ்டாட் வகைச் சுவிட்சில் ஏழு வயர்கள் இருப்பது இதற்காகத்தான்: நான்கு விளக்குக்கு நான்கு, பிளாஷருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, டாஷ் விளக்குக்கு ஒன்று. பிரிட்டிஷ் வண்டிகளில் இந்த வேலையைச் சுவிட்சுக்குப் பதிலாக ஒரு தனி ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) செய்யும். லூகாஸ் டிபி10 என்று எழுதிய, எட்டு முனைகள் உள்ள ஒரு பெட்டி. அதன் தொடர்புகள் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள்.

இன்னொரு வழி, சிவப்பு விளக்கைப் பிரேக்குக்கே விட்டுவிட்டு, பம்பருக்குக் கீழே தனி ஆரஞ்சு சிக்னல் பொருத்துவது. பழமை கெடுகிறது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் வருபவருக்குச் சிவப்பில் மின்னுவதும் பிரேக் அடிப்பதும் ஒன்றுபோலத் தெரியும் நம் சாலையில், நான் ஆரஞ்சின் பக்கம்.

6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டாக மாற்றியே ஆக வேண்டுமா?

சிக்னலுக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்டு பிக்கப்புகள் 1955 வரை 6 வோல்ட்டில் ஓடின, அதுவும் பாசிட்டிவ் எர்த்தில். 1956-இல் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த் ஆயின. 6 வோல்ட்டில் அதே 42 வாட்டுக்கு 7 ஆம்பியர் தேவை. அதே வயரில் இரு மடங்கு மின்சாரம் ஓடினால் இரு மடங்கு மின்னழுத்தம் வழியில் தொலையும். இருப்பதே பாதி என்பதால் இழப்பின் விகிதம் நான்கு மடங்காகும். 12 வோல்ட் வண்டி பொறுத்துக்கொள்ளும் துருவை 6 வோல்ட் வண்டி பொறுக்காததற்குக் காரணம் இதுதான். 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய வயர்க் கட்டை வாங்கி 6 வோல்ட் வண்டியில் போட்டுவிட்டு, “6 வோல்ட் என்றாலே மங்கல்தான்” என்று குறை சொல்பவர்களே அதிகம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், சுத்தமான எர்த், 6 வோல்ட்டுக்கான பல்ப், 6 வோல்ட்டுக்கான பிளாஷர் இருந்தால் போதுமான வெளிச்சம் வரும்.

பாசிட்டிவ் எர்த் வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இழை பல்புக்கும் சூட்டில் வளையும் பழைய பிளாஷருக்கும் இதனால் எந்த வேறுபாடும் இல்லை. மின்சாரம் எந்தப் பக்கம் ஓடினாலும் அவை வேலை செய்யும். எலக்ட்ரானிக் பிளாஷரும் எல்.இ.டி. பல்பும் அப்படியல்ல, தலைமாற்றிப் பொருத்தினால் எரியாது, சில பொருட்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். பேட்டரியைத் தொடுமுன் எந்த முனை சேஸிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். “நான் இருபது வருடமாக வயர்மேன், சிவப்புத்தான் லைன்” என்று சொன்ன ஒருவர், என் கண் முன்னாலேயே ஒரு புதிய பிளாஷரைப் புகைய வைத்தார்.

எல்.இ.டி. பல்ப் போட்டேன். ஒரு பக்கம் சிக்னல் போட்டால் நான்கு விளக்கும் மின்னுகின்றன.

இரண்டு சிக்கல்கள் இங்கே கலந்து வரும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தை உண்பதால் பழைய பிளாஷர் சூடாகாது, மின்னவும் செய்யாது. எர்த் வயர் கொண்ட எலக்ட்ரானிக் பிளாஷர் பொருத்துவதே இதற்குச் சரியான வழி. 6 ஓம் மின்தடையைப் பல்புக்கு இணையாகப் பொருத்தலாம் என்றும் சொல்வார்கள். அந்த மின்தடை இழை பல்பு உண்ட மின்சாரத்தையே உண்டு, அதை வெறும் சூடாக மாற்றும்; பிளாஸ்டிக்கோ வயரோ அருகில் இருந்தால் உருகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இரண்டாவது, டாஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே சிக்னல் விளக்கு உள்ள வண்டிகளில், அந்தச் சிறு பல்பின் ஒரு முனை இடது வயரிலும் மற்றொரு முனை வலது வயரிலும் இருக்கும். இடப்பக்கம் மின்னும்போது அதன் மின்சாரம் அணைந்திருக்கும் வலப்பக்க இழைகள் வழியாக எர்த்தைப் பிடிக்கும். இழை பல்புக்கு அந்தத் துளி மின்சாரம் போதாது, எரியாது. எல்.இ.டி.-க்கு அந்தத் துளியே போதும், எரிந்துவிடும். டாஷ் பல்பின் ஒரு முனையை எர்த்துக்குக் கொண்டுபோய், மற்றொரு முனைக்கு இடமும் வலமும் ஒவ்வொரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பொருள்) வழியாக இணைத்தால் தீர்ந்தது. இரண்டு டையோடுக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் விலைகூட ஆகாது.

வயர்கள் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிகின்றன. எதை எப்படி அடையாளம் காண்பது?

துணி சுற்றிய பழைய வயரில் நிறம் மங்கினாலும், கிளிப்புக்கு அடியில் வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும். லூகாஸ் முறையில் பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலது சிக்னல், பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு, கறுப்பு எர்த். ஜப்பானிய வண்டிகளின் நிறங்கள் வேறு. இந்தப் பட்டியலை அங்கே பயன்படுத்த வேண்டாம். எதைக் கழற்றினாலும் முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு விளக்கும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் வசதியைப் பொருத்தலாமா?

பொருத்தலாம்; நடுச்சாலையில் நின்றுவிடும் வாய்ப்பு பழைய வண்டிக்குத்தான் அதிகம். நான்கு பல்புக்கு 84 வாட், அதாவது 7 ஆம்பியர் தேவை என்பதால் அதற்கென்று தாங்கும் திறனுள்ள தனிப் பிளாஷர் வையுங்கள், சாவி இல்லாமலும் வேலை செய்யும்படி பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக இணையுங்கள். மழை கொட்டும்போது நான்கையும் மின்ன விட்டபடியே ஓட்டும் நம்மூர்ப் பழக்கத்துக்காக அல்ல. அப்படி ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறீர்கள் என்பதை யாராலும் அறிய முடியாது.

வாகனப் பரிசோதனையில் இதையெல்லாம் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். பெயர் மாற்றத்துக்குப் போனாலும், வணிகப் பதிவில் உள்ள வண்டியை வழக்கமான பரிசோதனைக்குக் கொண்டுபோனாலும், விளக்குகள் சோதிக்கப்படும். வண்டியின் அமைப்பைப் பற்றிய விதிகள் 1959-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நடைமுறையில் உள்ளவை. விளக்கின் நிறத்தையோ இடத்தையோ மாற்றுமுன் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மின்னும் வேகத்துக்கு, நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்பது அனைத்துலக அளவு. கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து விநாடி எண்ணுங்கள். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் இருந்தால் சரி. என்ஜின் ஓடாமல் எண்ணினால் வேகம் குறைவாகத் தெரியலாம், ஆகவே ஓடும்போதும் ஒரு முறை எண்ணுங்கள்.

எலக்ட்ரானிக் பிளாஷர் போட்ட பிறகு ‘டிக் டிக்’ ஒலி வரவில்லை. இது பழுதா?

பழுதில்லை. உள்ளே ரிலே இல்லாத வகையை வாங்கியிருக்கிறீர்கள். அசையும் தகடு இல்லாததால் ஒலியும் இல்லை. ஆனால் இதை அலட்சியமாக விடாதீர்கள். ஸ்டீயரிங் தண்டில் பின்னாளில் பொருத்திய சுவிட்சுகள் பலவும் திருப்பம் முடிந்ததும் தானாகத் திரும்பாதவை. கைப்பிடியை நீங்களேதான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒலியும் இல்லாமல், தானாகவும் திரும்பாமல் இருந்தால், பாயான் லெப்பாஸில் போட்ட சிக்னல் பட்டர்வொர்த் வரைக்கும் மின்னிக்கொண்டே வரும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது: பினாங்குப் பாலத்தின் மேல் 13 கிலோமீட்டரும் வலப்பக்கம் மின்னியபடி போயிருக்கிறேன், பின்னால் வந்தவர்கள் ஏன் ஹார்ன் அடிக்கிறார்கள் என்று புரியாமலே. ரிலே உள்ள எலக்ட்ரானிக் பிளாஷரைக் கேட்டு வாங்குங்கள், நன்றாகவே ஒலிக்கும். அதை டாஷ்போர்டின் பின்பக்க இரும்பில் நேரடியாகத் திருகி வைத்தால், தகரம் அந்த ஒலியை வாங்கி இன்னும் உரக்கக் கொடுக்கும். மோரிஸில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சன்னல் திறந்திருந்தாலும், பக்கத்தில் பஸ் உறுமினாலும் கேட்கிறது.